மூன்று இழை சேர்த்த மப்ளர்

பூலாம்பாடி
22-11-1982

மலர்க்கொடிக்கு,

உன் மாமியார் கொளஞ்சியம்மாள் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி.

எல்லாரும் சுகமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் பேத்தி செங்கமலம் எப்படி இருக்கிறாள், அதை மட்டும் எழுது.

உன் ஊசிநூல் பை இங்கே பரண் மேல் கிடக்கிறது. எலி ஒரு மூலையைக் கடித்துவிட்டது. வேண்டுமென்றால் ஆள் அனுப்பு, வேண்டாமென்றால் சொல்.

ஆவணி பன்னிரண்டு, சனிக்கிழமை, பிள்ளை கழுத்தில் கொதிகஞ்சி கொட்டியது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளிலிருந்து ஒன்பது நாள், முதல் பஸ் பிடித்துத் தூக்குச்சட்டியோடு வந்தேன். பத்தாம் நாள் வந்தால் அந்தக் கட்டிலில் வேறொருத்தி படுத்திருக்கிறாள். "அந்தப் புள்ளைய அரியலூருல அம்மாச்சி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று என்னைக் கேட்கிறாள். அவள் பெயர் ஆண்டாயி, ஊர் செட்டிகுளம், இடது காலில் கட்டு. என் பேத்தி போன இடத்தை அவள் சொல்லி நான் தெரிந்துகொண்டேன். இது எனக்கு மறக்காது.

அழகேசன் மலேசியாவிலிருந்து எழுதியிருக்கிறான். "பொண்டாட்டிக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணுன்னு ஒரே சேதிய ரெண்டு தடவ எழுதுறேன், நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா என்ன?" என்கிறான். பெற்ற பிள்ளை சொன்னானே என்று இந்தக் கடிதம். நானாக எழுதவில்லை.

கொளஞ்சியம்மாள்


அரியலூர்
27-11-1982

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. பைக்கு ஆள் அனுப்ப மாட்டேன். எரித்துவிடுங்கள். அன்றைக்குப் பிறகு நான் குரோஷா ஊசியைத் தொடவில்லை.

நீங்கள் ஞாபகம் வைத்திருப்பதுபோல் நானும் வைத்திருக்கிறேன். வெந்த இடத்தில் பேனா மையைக் கொட்டியது யார்? "மை ஊத்துனா கொப்பளிக்காதுடி" என்றது யார்? டாக்டர் அந்த மையைக் கழுவி எடுத்தபோது நீங்கள் கதவுக்கு வெளியே இருந்தீர்கள். நான் உள்ளே அவள் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சிப் பானையைப் பிடித்திருந்த கையும் என் கை இல்லை.

செங்கமலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். புண் ஆறிவிட்டது. காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை எலும்பு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கிறது. அது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். இரண்டு நாள் போனாள். யாரோ ஒரு பிள்ளை "வெந்த கழுத்து" என்று கூப்பிட்டிருக்கிறது. அதோடு சரி. வீட்டுக்குள் இருக்கும்போதும் என் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறாள். துண்டு நழுவினால் அழுகிறாள்.

உண்ணாமலை டீச்சர் நேற்று வீட்டுக்கு வந்தார். அரைப்பரீட்சை லீவு முடிந்து ஜனவரி மூன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் வர வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருஷம் போய்விடும். அதற்குமேல் பிள்ளை வீட்டிலேயே தங்கிவிடும் என்று டீச்சர் பயப்படுகிறார். நானும்தான்.

மலர்க்கொடி


பூலாம்பாடி
2-12-1982

மலர்க்கொடிக்கு,

பையை நான் எரிக்கவில்லை. இறக்கிப் பிரித்துப் பார்த்தேன்.

துண்டு நழுவத்தான் செய்யும், அது வழவழப்பு. உல்லன் நூலில் மப்ளர் பின்னிச் சுற்றினால் நழுவாது. மார்கழி தையில் பால்காரனும் டிரைவரும் சுற்றிக்கொண்டுதானே திரிகிறார்கள்? பிள்ளை சுற்றினால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. வெயில் வரும்வரை இரண்டு மாசம் இருக்கிறது. அதற்குள் அவளுக்குப் பள்ளிக்கூடம் பழகிவிடும்.

நீ பின்னமாட்டேன் என்கிறாய். சரி, நான் பின்னுகிறேன்.

பையில் பதினோரு உருண்டை இருக்கிறது. எல்லாம் மிச்ச மீதி, கொய்யாக்காய் அளவு. ஒன்றுபோல ஒன்று கிடையாது. சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, இன்னும் என்னென்னவோ. நீ பாதியில் விட்ட துணுக்கு ஒன்று ஊசியோடு கிடந்தது. அதில் ஒரு வரிசையைப் பிரித்துப் பார்த்தேன். கன்றுக்குட்டிக்குப் போடும் சுருக்குத்தான். சுருக்குக்குள் சுருக்கு. போகிறது புரிகிறது, திரும்பி வருவது எப்படி என்று புரியவில்லை. எழுது.

உன்னிடம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, அதனால் கேட்கிறேன். நீ கல்யாணமாகி வந்த புதிதில் ரேடியோவுக்கு உறை பின்னினாய். "என்னாடி இது, மீன் புடிக்கிற முள்ளா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ நூலைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனதும் ஞாபகம் இருக்கிறது.

கொளஞ்சியம்மாள்


அரியலூர்
8-12-1982

அத்தைக்கு,

ஊசியில் ஒரு சுருக்குப் போடுங்கள். கொக்கியில் நூலை மாட்டி அந்தச் சுருக்கு வழியாக இழுத்தால் ஒரு கண்ணி. அப்படியே ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலி போடுங்கள். அதுதான் மப்ளரின் அகலம். திரும்பி வரும்போது ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஊசியை விட்டு நூலை இழுங்கள். ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும். மறுபடி நூலை மாட்டி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுங்கள். ஒரு முடிச்சு ஆச்சு. கடைசி வரை இதேதான்.

ஆனால் உங்களால் முடியாது. கோபத்தில் எழுதவில்லை. அந்த நூல் மெல்லிசு, ஊசியும் மெல்லிசு. பழகின கைக்கே இரண்டு மாசம் ஆகும். இன்னும் ஒரு மாசம்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூலாம்பாடி என்று பேச்செடுத்தாலே செங்கமலம் வாயை மூடிக்கொள்கிறாள். நீங்கள் பின்னினது என்றால் அவள் தொடுவாளா என்று எனக்குத் தெரியாது. பாடுபட்டுவிட்டு அப்புறம் என்மேல் அதையும் ஒரு வருத்தமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மலர்க்கொடி


பூலாம்பாடி
14-12-1982

மலர்க்கொடிக்கு,

முடியாது என்று எழுதினாய். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

நூல் மெல்லிசு என்றால் மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்தால் தடிமன் ஆகாதா? மூன்று உருண்டையை ஒரு சட்டியில் போட்டு, மூன்று நுனியையும் ஒன்றாக இழுத்தேன். மூன்று நிறமும் கலந்து வருகிறது. ஒரு உருண்டை தீர்ந்தால் அடுத்த உருண்டையை முடிந்துகொள்கிறேன். உன் ஊசி அந்தத் தடிமனுக்கு வாய் பற்றவில்லை. ராசாங்கம் ஆசாரியிடம் போய் நுணாக் கட்டையில் சுண்டுவிரல் மொத்தத்துக்கு ஒரு கொக்கி செதுக்கச் சொன்னேன்.

"ஏன் ஆத்தா, ஆட்டுக்குத் தழ ஒடிக்கத் தொரட்டியா? இவ்வளோ சின்னதா கேக்குற?" என்கிறான்.

"ஒன் நாக்க இழுத்து வெளிய போடத்தான். பேசாம செதுக்குடா" என்றேன்.

செதுக்கினான். மூன்று தடவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தான். குறை சொல்வதற்கில்லை.

வேகமாகத்தான் வருகிறது. காலையில் மாட்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்தால் மதியத்துக்குள் ஒரு முழம். ஆனால் ஒரு சாண் அகலத்தில் ஆரம்பித்தது போகப் போகக் குறுகி இரண்டு விரலில் வந்து நிற்கிறது. கலப்பைக் கொழு மாதிரி. பிரித்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் கொழு. மூன்றாம் தடவையும் கொழு. நூலைத் தின்கிற பேய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவில்லை. அந்தக் கொழுவையே இந்தத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிரிக்காமல் பார்த்துச் சொல். திருப்பியும் அனுப்பு, நூல் வேண்டும்.

கொளஞ்சியம்மாள்


அரியலூர்
18-12-1982

அத்தைக்கு,

தபால்காரர் பொட்டலத்தைக் கொடுத்தபோது நான் கொல்லையில் இருந்தேன். செங்கமலம் பிரித்துவிட்டாள். உள்ளே வந்தால் அதைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா இது? ஆட்டுக்குட்டிக்குக் கோமணமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அப்பத்தா உனக்குப் பின்னினது என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் கீழே போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பத்தாவுக்குப் பின்னத் தெரியாதே, யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். நான்தான் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

கொழுவை இத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் பேய் ஓரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். அது ஓரத்தில் மடிந்து ஒளிந்துகொண்டிருக்கும். விரலால் இழுத்துப் பாருங்கள், தெரியும். திரும்புவதற்கு முன் ஒரு சங்கிலி கூடுதலாகப் போடுங்கள். வரிசைக்குப் பதினாறு முடிச்சு இருக்கிறதா என்று எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இன்னொன்று. இது அட்டைபோல விறைத்து நிற்கிறது. கன்றுக்குட்டியை இழுத்துக் கட்டுவதுபோல் கட்டியிருக்கிறீர்கள். கையைத் தளர விடுங்கள், அத்தை. நூல் எங்கும் ஓடிவிடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் போனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் வருவதற்குள் போய்விட வேண்டும் என்றுதான் அவசரமாகக் கிளம்பினேன். உங்களைப் பார்த்தால் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று எனக்குப் பயம். அந்த அடுப்பங்கரையில் நின்று என்னால் சமைத்திருக்க முடியாது.

மலர்க்கொடி


பூலாம்பாடி
26-12-1982

மலர்க்கொடிக்கு,

முடித்துவிட்டேன். நாலு நாள்தான். எண்ணி எண்ணிப் போட்டேன், எல்லா வரிசையிலும் பதினாறு. கை தளர்வதற்குத்தான் பாடாகிவிட்டது. அறுபத்து மூன்று வயதில் கையைப் புதிதாகப் பழக்குவது என்றால் சும்மாவா? ஒரு பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக ஆரம்பித்துப் பச்சை புகுந்து, அப்புறம் கத்தரிப்பூ வந்து, கடைசியில் வெள்ளையும் நீலமுமாக முடிகிறது. எந்த இடத்தில் எது மாறுகிறது என்று எனக்கே தெரியவில்லை.

பொட்டலம் கட்டி வைத்துவிட்டேன். கட்டிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று சொல்லாமல் அனுப்பக் கூடாது.

அன்றைக்கு நீ கூடத்தில் பின்னிக்கொண்டிருந்தாய். பிள்ளை உன் பக்கத்தில் உட்கார்ந்து நூல் உருண்டையை உருட்டி உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள். நான் அடுப்பங்கரையிலிருந்து பார்த்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை. "அங்க என்னாடி நூல உருட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க, இங்க வா, வடிகஞ்சியில உப்புப் போட்டுத் தரேன்" என்று நான்தான் கூப்பிட்டேன். பானையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே கூப்பிட்டேன். ஓடிவந்து பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்தாள்.

பிள்ளை தானாக ஓடிவந்தது, தாய் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஊரில் எல்லாரிடமும் சொன்னேன். அழகேசனுக்கும் அப்படித்தான் எழுதினேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று ஊரே சொல்லும். இது மட்டும் மறந்துபோனதுபோல் நாலு மாசம் இருந்தேன்.

அழகேசனுக்கும் இன்றைக்கு எழுதிவிட்டேன். மப்ளரை அவளுக்குச் சுற்றுவதா வேண்டாமா என்று இதைப் படித்துவிட்டு நீ முடிவு செய்.

கொளஞ்சியம்மாள்


அரியலூர்
30-12-1982

அத்தைக்கு,

நீங்கள் கூப்பிட்டது எனக்குத் தெரியும். நான் கூடத்தில்தானே இருந்தேன், காது கேட்காதா? செங்கமலமும் ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொன்னாள். "அப்பத்தா கூப்புட்டாங்க, நான் மெதுவா போயிருக்கணும்" என்றாள். தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பூலாம்பாடி பற்றிப் பேசாதது அதனால்தான் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்ல மாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இடத்தை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து போய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

நூல் கழுத்தில் அரித்தது. பக்கத்து வீட்டுக் கலியம்மாள் அக்கா கொடுத்த பழைய மல்லுத்துணியைக் கிழித்து உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். இப்போது அரிக்கவில்லை. மாட்டுக்குப் போடுகிற முடிச்சு இன்னும் ஐந்தாறு இடத்தில் இருக்கிறது. ஆனாலும் நன்றாக இருக்கிறது. நான் பார்த்துப் பார்த்து நிறம் சேர்த்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது.

கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்டால், "மூணாந்தேதி பாக்கலாம்" என்கிறாள். போவாள் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

என்னை மன்னித்துவிடச் சொல்லி நீங்கள் எழுதவில்லை. நீங்கள் எழுதுகிற ஆள் இல்லை. மறந்துவிடு என்றும் எழுதவில்லை, அதுவரைக்கும் நல்லது. நீங்களே எதையும் மறப்பதில்லை, நான் மட்டும் ஏன் மறக்க வேண்டும்? ஞாபகம் வைத்துக்கொண்டே இருப்போம். அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டியதில்லை.

மலர்க்கொடி


அரியலூர்
6-1-1983

அத்தைக்கு,

போனாள்.

திங்கட்கிழமை காலையில் சீருடை போட்டு, மப்ளரை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூட கேட் வரை என் கையை விடவில்லை. நான் எதிரில் மரத்தடியில் பிரேயர் முடியும்வரை நின்றேன். சாயங்காலம் அப்படியே சுற்றினது சுற்றினபடி திரும்பி வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "கணக்கு ரெண்டும் சரி" என்று மட்டும் சொன்னாள். செவ்வாய்க்கிழமையும் அதேபோல்.

நேற்று சாயங்காலம் தெருமுனையில் அவள் வருவதைப் பார்த்தேன். கழுத்தில் ஒன்றும் இல்லை. யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன்.

"மப்ளர் எங்கடி?"

"பூமாலைகிட்ட இருக்கு. நாளைக்குத் தரேன்னு சொல்லிருக்கா."

"அவகிட்ட ஏன் குடுத்த?"

"கேட்டாம்மா. எல்லாரும்தான் கேட்டாங்க. காலையில வளர்மதி, மத்தியானம் செல்லம்மா, அப்புறம் பூமாலை. இந்த மாதிரி கலரு கடையில கெடைக்காதாம்."

பூமாலை என்பவள் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை. "வெந்த கழுத்து" என்று கூப்பிட்டவளே அவள்தான் என்று இப்போதுதான் தெரிந்தது. கழுத்தைப் பார்த்துவிட்டு என்ன கேட்டாள் என்று விசாரித்தேன். "வலிக்குதான்னு கேட்டா. இப்ப இல்லன்னேன். சரின்னுட்டுச் சுத்திக்கிட்டா" என்றாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. நாலு மாசமாக இந்த வீட்டில் நாங்கள் எல்லாரும் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

பொங்கலுக்கு எங்களால் வர முடியாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நீங்கள் வாருங்கள். செங்கமலம்தான் சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன்.

மலர்க்கொடி


பூலாம்பாடி
10-1-1983

மலர்க்கொடி,

உன் கடிதத்தை ராசாங்கத்திடம் கொடுத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் வாசித்ததும் அவன் வாசித்ததும் ஒன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பூமாலை மப்ளரைத் திருப்பிக் கொடுத்தாளா இல்லையா? அவள் யார் வீட்டுப் பெண், தகப்பன் பெயர் என்ன, எழுது. கூப்பிட்ட பெயருக்கு நான் அவளை விடப்போவதில்லை. நேரில் ஒரு வார்த்தை கேட்பேன். கேட்டுவிட்டு வேண்டுமானால் அவளுக்கும் ஒன்று பின்னிக் கொடுக்கிறேன். நூல் திருச்சியிலிருந்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முதல் பஸ்ஸில் ஏறிப் பெரம்பலூரில் மாறினால் பத்து மணிக்குள் அரியலூர் வந்துவிடலாம் என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா.

கட்டுப் போட்டிருந்தபோது பார்த்ததுதான். கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கழுத்தை நான் பார்க்கவில்லை. எப்படி இருக்கும் என்று நீ எழுதினதை வைத்து நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நினைப்பதைவிடப் பார்ப்பது பயமாக இருக்காது என்று தோன்றுகிறது. தெரியவில்லை.

செங்கமலத்திடம் சொல்லி வை. நான் வருகிற அன்றைக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கொளஞ்சியம்மாள்